நாலு விரக்கடை

மற்ற ஊர்களுக்கு இரவு வானத்திலிருந்து இறங்கி வரும். சங்கிலிமேட்டுக்கு அது ஏலத்தோட்டத்துக்கு மேலே, பாறை பிளந்து வாய் திறந்து கிடக்கிற கருப்பன் புடவு என்னும் குகையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்பதுகூட யாருக்கும் தெரியாது, தினமும் தவறாமல் வருகிற எதையும் எங்கிருந்து வருகிறாய் என்று யார் கேட்கிறார்கள்? சாயங்காலம் ஆறேகால் ஆறரைக்கு அந்தப் புடவுக்குள் தலைகீழாகத் தொங்கும் நானூற்றுச் சொச்சம் வவ்வால்கள், வாலே இல்லாத, பழுப்பு நிறப் பழந்தின்னி வவ்வால்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு துண்டு இருட்டை, கொடியில் காய்ந்த சேலையை உருவுவது போல உள்ளேயிருந்து உருவிக்கொண்டு வரும். காட்டத்திக்கு ஒன்று, நாவலுக்கு ஒன்று, உருத்திராட்ச மரத்துக்கு ஒன்று என்று அவை கலைந்து பறக்கப் பறக்க, அந்தத் துண்டுகளெல்லாம் ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளிகளின் லயன் வீடுகளுக்கு மேலே ஒரே இருட்டாக விரிந்து நிற்கும். கீழே ஜனங்கள், "பொழுது சாஞ்சிருச்சுடி, மாட்டப் புடிச்சுக் கட்டு" என்பார்கள். விடிகாலையில் வவ்வால்கள் இருட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். "விடிஞ்சிருச்சு, அடுப்பப் பத்த வை" என்பார்கள். இவ்வளவுதான் விஷயம்.

மாயழகுக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே கொண்டுபோய் இன்ச் டேப்பை நீட்டியிருக்க மாட்டான். ஒருவேளை நீட்டியும் இருப்பான், வானத்தைவிட டேப்பை நம்புகிற ஆள் அவன். பஸ் நிற்கிற இடத்தில் வெல்டிங் பட்டறை. ஊரில் உள்ள ஒவ்வொரு ஜன்னல் கம்பியும், ஒவ்வொரு கோழிக்கூண்டும், மாரியம்மன் உண்டியலுக்கு மேல் போட்ட கிராதியும் அவன் கை. "மாயழகு அளவு மசுரிழை தப்பாது" என்று அவனே சொல்லிக்கொள்வான். அவன் மனைவி பஞ்சவர்ணம் உடனே அவனுடைய தொண்டையைக் கடன் வாங்கி, அதே கரகரப்பில், அதே செருமலோடு, "மாயழகு அளவு மசுரிழை தப்பாது" என்று அடுப்படியிலிருந்து திருப்பிச் சொல்வாள். பட்டறையில் இரும்பு வாங்க வந்தவன் அவன் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் இருக்கிறான் என்று பயந்துபோவான்.

பஞ்சவர்ணம் பேசாத குரல் கிடையாது. கண்டக்டர், நர்ஸ் எஸ்தர், கோயில் மணி, பிரேக் பிடிக்காத லாரி, எல்லாம் வரும். ஒருநாள் ஏலக்காட்டுக்குள் குத்தவைத்து உட்கார்ந்து எஸ்டேட் சங்கு ஊதுவது போலவே ஊதி, மொத்த ஆட்களையும் ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிவிட்டவள் அவள். பஞ்சாயத்துத் தலைவர் கூடலிங்கம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவரையும் விடமாட்டாள், மைக் முன்னால் அவர் இழுக்கிற இழுப்பை இழுத்துக் காட்டினால் அவருடைய நாயே வாலாட்டிக்கொண்டு வரும். ஒரே ஒரு குரலை மட்டும் அவள் ஒரு வருஷமாக எடுப்பதில்லை. அது அவள் தம்பி வீரணன் குரல்.

வீரணன் ஜீப் ஓட்டினான். அந்த ஜீப்புக்கு ஹாரன் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி, பீடிப் புகையோடு, மூக்கால், "சைடு குடுங்கப்பா, சாமி வருது!" என்று கத்துவான். அவன் ஜீப்பில் சாமியும் வராது ஒன்றும் வராது, ஏலக்காய் மூட்டைதான் வரும். ஆனாலும் லாரிக்காரர்கள் ஒதுங்கி, சிரித்து, கும்பிடு போடுவார்கள். போன பங்குனியில் பதினோராம் வளைவில், இருட்டில், பஞ்சரான டயரைக் கழற்ற இறங்கியவனைக் கொம்பன் யானை மிதித்துக் கொன்றுவிட்டது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தாலே கூடலிங்கம் கதவைச் சாத்திவிடுவார். பஞ்சவர்ணமும் இருட்டை ஒரு பகையாளியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள்.

இந்த ஊருக்குத் தெரசா என்றொரு பெண், வவ்வாலைப் பற்றிப் படிக்கிறவள், இரண்டு வருஷமாக வந்துபோய்க்கொண்டிருந்தாள். உலகத்திலேயே இந்த மலைத்தொடரை விட்டால் இந்த ஜாதி வவ்வால் வேறெங்கும் இல்லை என்றும், வருஷத்துக்கு ஒரு தாய் ஒரே ஒரு குட்டிதான் போடும் என்றும், கீழேயிருந்து இழுப்பு நோய்க்கு மருந்து என்று வலையோடு வருகிறவர்கள் இப்படியே அடித்துத் தின்றால் பத்து வருஷத்தில் புடவு காலி என்றும் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். புடவுக்குக் காவல் போட அரசாங்கத்தில் அனுமதி வாங்கி, மாயழகு கையில் ஒரு படத்தைக் கொடுத்தாள். படத்தில் வேலி, குகை வாயிலிருந்து பத்தடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் திறந்தபடி நின்றது.

மாயழகு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏம்மா, வாசல்ல வைக்கிறதுக்குப் பேருதான் கதவு. தெருவுல வச்சா அதுக்குப் பேரு என்ன?"

"அண்ணே, படத்துல உள்ளபடியே போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தெரசா அம்மாவின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனாள்.

மாயழகு சொந்த மூளையை உபயோகித்தான். பகல் பன்னிரண்டுக்குப் புடவுக்குள் போய், கைக்கு எட்டுகிற உயரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வவ்வாலை, இறக்கையால் தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்டு தொங்கியதை, டேப் சத்தத்தில் அதன் தூக்கம் கலையாமலிருக்க விரலை வைத்து அளந்தான். நாலு விரக்கடை. ஜன்னல் கம்பிக்கும் அதே நாலு விரக்கடைதான். அவனுக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. குகை வாயை அடைத்து, மேலிருந்து கீழாக, நாலு விரக்கடைக்கு ஒரு கம்பி; மனுஷன் நுழைய முடியாது, வவ்வால் சொகுசாக வரலாம்; ஓரத்தில் தெரசா போய்வர ஒரு சின்னக் கதவு. வியாழக்கிழமை மத்தியானம் கடைசி வெல்டிங் பற்றை வைத்துவிட்டு, நீலக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தான். அவ்வளவு நேர்த்தியான வேலையை அவன் அதுவரை செய்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சூரியன் வழக்கம்போல மேற்கே இறங்கியது, வெளிச்சம் மட்டும் போகவில்லை. ஏழு மணி ஆனது, எட்டு ஆனது, கோழிகள் கூட்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. நிழலே விழாத ஒரு வெள்ளை வெளிச்சம் தெருவில் நின்றது, வீட்டுக்குள் நின்றது, கவிழ்த்து வைத்த பானைக்கு அடியில் தூக்கிப் பார்த்தால் அங்கேயும் நின்றது. கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கமும் நின்றது.

ஜனங்கள் ஒரு நாள் வியந்தார்கள், ரெண்டாம் நாள் குறை சொன்னார்கள், மூணாம் நாள் பழகிவிட்டார்கள். கூடலிங்கம் ஒலிபெருக்கியில், "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, வெளிச்சத்தைப் பற்றி யாரும் பயப்பட வேண்டியதில்லை, அது வெளிச்சம்தான்" என்று அறிவித்து, இனி ராத்திரி ஏழு மணிக்குச் சங்கு ஊதினால் அது ராத்திரி, காலை ஐந்துக்கு ஊதினால் விடிந்தது என்று தீர்மானம் போட்டார். சங்கு ஊதியதும் ஜனங்கள் பட்டப்பகலில் பாயை விரித்து மரியாதைக்குப் படுத்தார்கள். பூசாரி அம்மனின் நடையைச் சாத்திவிட்டு, இடுக்கு வழியே பார்த்தால் அவளும் கண்ணைத் திறந்தபடிதான் உட்கார்ந்திருந்தாள். டிவி சீரியலில் ஒரு காட்சியில் இரவு வந்தபோது பிள்ளைகள் ஓடிப்போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நெருங்கிப் படுத்துக்கொண்டார்கள். கீழே கம்பம் ஊரிலிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறுகிற கடைசி பஸ் பதினோராம் வளைவில் இருட்டைக் கிழித்து வெளிச்சத்துக்குள் நுழையும், கண்டக்டர், "பகல்ல எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க!" என்று கத்துவான். ஓசி வெயில் என்று கேள்விப்பட்டு ரெண்டு குடும்பம் சாக்கு சாக்காக மிளகாய் வற்றலைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பியது. காதலிக்கிறவர்கள்தான் பாவம், ஒளிய ஒரு மூலை இல்லாமல் ஒருவரை ஒருவர் அண்ணன் தங்கச்சி போலப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, யானை வரவில்லை. வரவில்லை என்றால், வந்து நின்றன. பதினோராம் வளைவில் இருட்டு முடிகிற கோட்டில், கொம்பனும் மூன்று பெண் யானைகளும் ஒரு குட்டியும், வாசற்படிக்கு வெளியே நிற்கிற விருந்தாளிகளாக நின்று, தும்பிக்கையை வெளிச்சத்துக்குள் நீட்டிப் பார்த்து, இழுத்துக்கொண்டன. இந்தப் பக்கம் வெளிச்சத்தில் ஜனங்கள் கூடிநின்று வேடிக்கை பார்த்தார்கள். கூடலிங்கம் கொம்பனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு மாயழகு பக்கம் திரும்பி, "மாப்ள, புடவோட சின்னக் கதவையும் சேர்த்துப் பத்த வச்சிரு" என்றார்.

வவ்வால் புடவுக்குள் அடைந்த அன்றைக்குத்தான் ராத்திரி நின்றது என்று கணக்குப் போட ஊருக்கு மூணு நாள் பிடித்திருந்தது. கணக்கு போட்டதும் யாரும் பதறவில்லை. அப்படியென்றால் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். மாயழகு பஞ்சாயத்து ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னக் கதவையும் பற்றவைத்தான். வைக்கும்போது உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் கம்பி வழியாக அவன் கைக்கு வந்தது. இரும்பு சூட்டில் விரிகிற சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் வீட்டில் நாற்பத்து மூன்று நாள் கைக்குழந்தை ஒன்று இருந்தது, பேர் வைக்காத பெண் குழந்தை. அது வியாழக்கிழமையிலிருந்து கண்ணை மூடவில்லை. பெரியவர்களாவது சும்மா படுத்துக் கிடந்தார்கள், குழந்தைக்கு அந்தப் பாசாங்கு தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அது அழுவதையும் நிறுத்திவிட்டு, தொட்டிலுக்குள் கண்ணை அகலத் திறந்து கிடந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரித் தராசில் மூணு கிலோ எழுநூறு இருந்தது மூணு நானூறு ஆனது.

நர்ஸ் எஸ்தர் கையை விரித்தாள். "தூங்காத புள்ள பால் குடிக்காது, பால் குடிக்காத புள்ள தூங்காது. நான் எதுக்கும்மா மருந்து குடுக்க? கீழ எங்கயாச்சும் கொண்டுபோய்த் தூங்க வையி."

பஞ்சவர்ணம் கம்பத்தில் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே நல்ல கும்மிருட்டு. ஆனால் அவரவர் ஊர் ராத்திரிதான் அவரவர் கண்ணுக்குள் இறங்கும் போலிருக்கிறது. அந்த இருட்டுக்கு நடுவில் குழந்தையின் கண்கள் ரெண்டும் சங்கிலிமேட்டுப் பகலாகத் திறந்து கிடந்தன. சித்தி வீட்டுக்காரர்களும் தூங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார்கள். காலை பஸ்ஸில் திரும்பி வந்தாள். அதே பஸ்ஸில் பையும் கையுமாகத் தெரசா இருந்தாள்.

தெரசா நேராகப் புடவுக்குப் போனாள், கம்பியைப் பார்த்தாள், பட்டறைக்கு வந்தாள். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"எதை அளந்தீங்கண்ணே?"

"வவ்வாலத்தான். நாலு விரக்கடை. மசுரிழை..." அவன் முடிக்கவில்லை.

"தூங்குறப்பவா?"

மாயழகு கையிலிருந்த இன்ச் டேப்பை உள்ளே சுருட்டினான்.

"அது நடந்து வராதுண்ணே. பறந்துதான் வரும். விரிச்சா ஒரு முழம்." அவள் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை காட்டினாள். "உள்ள திங்க ஒண்ணுமில்ல. பாறையில ஒழுகுற தண்ணி மட்டும்தான். கீழ விழுந்து கெடக்குது, எண்ணக்கூட முடியல."

அன்றைக்குச் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தெரசா அழாமல் பேசப் பார்த்து, அழுதுகொண்டே பேசினாள். வவ்வால் இல்லாவிட்டால் அத்தி முளைக்காது, நாவல் முளைக்காது, காடு தன் விதையைத் தானே சுமக்க முடியாது என்றாள். வாச்சர் சடையாண்டி கொட்டாவி விட்டபடி, "ராத்திரி டூட்டி இல்லாம நானே இப்பத்தான் பொண்டாட்டி மொகத்தப் பாக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், தூக்கமில்லாத சிரிப்பு, நிற்கவே மாட்டேன் என்றது. கூடலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தா பாரும்மா, ஒன் வவ்வால் மேல எனக்கு என்ன வெரோதம்? என் தம்பிய இருட்டுதான் கொன்னுச்சு. யானைய நான் குத்தம் சொல்ல மாட்டேன், அது அதோட வழியில போச்சு. இருட்டு இல்லாம இருந்தா அவன் பாத்திருப்பான், இல்ல அது இவனப் பாத்திருக்கும். இன்னொரு வீட்டுல அப்படி ஒரு பொணத்த நான் தூக்க மாட்டேன். கம்பி இருக்கட்டும்." பிறகு தங்கச்சி புருஷன் பக்கம் திரும்பி, ஊரே கேட்கும்படி, "அதுவும் மாப்ள போட்ட கம்பி. சொகமாத்தான் தூங்கும் உள்ள. அளவு தப்பாது" என்றார்.

மாயழகு வாயைத் திறந்தான். நூற்று இருபது முகம் அவனைப் பார்த்தது. எல்லார் வீட்டு ஜன்னலும் அவன் அளவு. மூடிக்கொண்டான்.

சங்கு ஊதி ஊர் படுத்த பிறகு, அதாவது அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஊர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்த பிறகு, அவன் புடவுக்கு நடந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவை தொங்கவில்லை. கம்பியிலேயே அப்பிக்கிடந்தன, பெருவிரல் நகத்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்கப் பார்ப்பதும் இரும்பில் மோதி மடிப்பதுமாக. டிக், டிக். அவன் இடைவெளியில் கையை விட்டான். நாலு விரல் கச்சிதமாக நுழைந்தது, மசுரிழை தப்பவில்லை. ஒரு தாய் வவ்வால், வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்க, அவன் சுண்டுவிரலை நகத்தால் கொக்கி போட்டுப் பிடித்தது. குட்டியின் கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணை அவன் ஏற்கெனவே தொட்டிலில் பார்த்திருந்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். "தூங்குறதப் போய் அளந்துட்டேன் பஞ்சு."

வேறு நாளாக இருந்தால் அந்த வாக்கியத்தை அவன் குரலிலேயே பத்து தடவை சொல்லிக்காட்டி அழ வைத்திருப்பாள். அன்றைக்கு அவள் சொந்தக் குரலில் பேசினாள். "புள்ள எடை மூணு கிலோ நூறு ஆயிருச்சுங்க. நாளைக்கு மூணுக்குக் கீழ போயிரும்."

"ஒங்க அண்ணன் ஜெனரேட்டர் குடுக்க மாட்டாரு. ஆக்சா பிளேடு இருக்கு. யாருக்கும் தெரியாமப் போயி அறுத்துரலாம்."

"எப்படித் தெரியாமப் போவீங்க?"

ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே, ராத்திரி பதினொன்றுக்கு, எறும்பு போவது தெரிந்தது. அந்த மலையில் ஒரு திருட்டுத்தனம் செய்வதற்கான இருட்டு ஒரு உள்ளங்கை அளவுகூட மிச்சமில்லை. எந்தக் காரியமானாலும் இனி ஊர் பார்க்கத்தான் செய்தாக வேண்டும்.

அப்படித்தான் ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, மாயழகு ஆக்சா சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒன்பது பிளேடு செருகிக்கொண்டு, குழந்தையை ஏந்திய பஞ்சவர்ணம் பின்னால் வர, நடுத்தெருவில் நடந்தான். முதலில் நாய்கள் பார்த்தன, பிறகு வாசல் பெருக்கியவர்கள் பார்த்தார்கள், பிறகு பார்த்தவர்களெல்லாம் பின்னால் நடந்தார்கள், சிவந்த கண்களோடு, எங்கே போகிறோம் என்று கேட்காமல், ஏலச்செடிகளுக்கு நடுவே. நடக்க நடக்கக் கூட்டம் பெருத்தது. புடவுக்கு முன்னால் கூடலிங்கம் ஏற்கெனவே நின்றார். சடையாண்டி முந்தி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டிருந்தார்.

"எங்க மாப்ள, ஆயுதத்தோட?"

"அளவு தப்பிருச்சு மச்சான்."

அவன் திரும்பி எல்லாரையும் பார்த்துச் சொன்னான், கரகரப்போ செருமலோ இல்லாமல்: "எல்லாரும் கேட்டுக்கங்க. தெரசா சரியாத்தான் வரைஞ்சு குடுத்துச்சு. நான்தான் தூங்குற வவ்வாலை அளந்து, ஜன்னல் கம்பியக் கொண்டாந்து வச்சேன். ஒரு வவ்வாலும் இதுக்குள்ள வர முடியாது. நான் அளந்த அளவு தப்பு."

"தப்பாவே இருக்கட்டும்" என்றார் கூடலிங்கம். கையை ரெண்டு பக்கமும் விரித்துக் கம்பிக்கு முதுகு கொடுத்து நின்றார். முதுகுக்குப் பின்னால் டிக், டிக். "பாத்தியா, பதினோராம் வளைவுல அது இன்னும் நிக்குது. இத அறுத்தீன்னா இன்னைக்கே வரும். வீரணன எடுத்தது பத்தாதா? என்ன மிதிச்சுட்டு அறு."

மாயழகு நின்றுவிட்டான். பின்னால் யாரோ, "தலைவர் சொல்றது நியாயம்தானப்பா" என்றார்கள். இன்னொருத்தர், "புள்ளயப் பாருங்கய்யா" என்றார். நூற்று இருபது பேரும் தூக்கமில்லாமல் ஆடிக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் ஒரு வார்த்தை விழுந்தால் இந்தப் பக்கம் சாய்வார்கள், அந்தப் பக்கம் விழுந்தால் அந்தப் பக்கம்.

பஞ்சவர்ணம் குழந்தையைத் தெரசா கையில் கொடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். தலையை ஒரு பக்கமாக, ஜீப் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது போல நீட்டினாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து, ஒரு வருஷம் மூடிக்கிடந்த இடத்திலிருந்து, பீடிப் புகையோடு, மூக்கால், அந்தக் குரல் வந்தது.

"சைடு குடுண்ணே, சாமி வருது!"

கூடலிங்கம் ஒதுங்கிவிட்டார். யோசித்து ஒதுங்கவில்லை, உடம்பு தானாக ஒதுங்கியது, அந்தக் குரலுக்கு இருபத்தெட்டு வருஷம் ஒதுங்கிப் பழகிய உடம்பு. ஒதுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. பாறையில் கையை ஊன்றி உட்கார்ந்து, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மாயழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் அறுத்தான். முதல் பிளேடு முறிந்தது, ரெண்டாவது முறிந்தது. சடையாண்டி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மிளகாய் காயப்போட வந்தவன்கூட வந்து பிடித்தான். ஏழாவது பிளேடில் ஐந்து கம்பி கழன்றது, ஒரு முழத்துக்கு மேல் வழி. எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒன்று வந்தது. தள்ளாடி, பாறையில் உரசி, வயிற்றில் குட்டியோடு வந்தது. அதன் பின்னால் ஒரு துண்டு இருட்டு இழுபட்டு வந்தது, ஈரமாக, பாறை வாசனையோடு. ஜனங்கள் "ஆ" என்று சொல்லவில்லை, பெருமூச்சு விட்டார்கள், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர்கள் விடுகிற பெருமூச்சு. அப்புறம் ரெண்டு, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியாமல். அவை அத்திமரத்துக்கும் நாவலுக்கும் பறக்கப் பறக்க, துண்டோடு துண்டு ஒட்டி, ஐந்து நாளாக வராத இருட்டு லயன் வீடுகளுக்கு மேலே ஏறி நின்றது. தெரசா கையில் குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. விட்ட வாயை மூடுவதற்குள் தூங்கிவிட்டது. அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவள் கொட்டாவி விட்டாள், அதைப் பார்த்து அடுத்தவன். நின்ற இடத்திலேயே, ஏலச்செடிகளுக்கு நடுவிலேயே, ஊர் மொத்தமும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனது.

யானைகள் வந்தன. வந்ததை யாரும் பார்க்கவில்லை. காலையில் பார்த்தால், தூங்கியவர்களுக்கு நடுவே, ஒரு கையை ஒரு காலைக்கூடத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போன தடங்கள் இருந்தன. கூடலிங்கத்தின் தலைமாட்டில் ஒரு தடம், தாம்பாளம் அகலத்துக்கு, தண்ணீர் தேங்கி. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வாழைத்தோப்பில் ஒரு வாழை மிச்சமில்லை.

உள்ளே போய்த் தெரசா எண்ணினாள். நாற்பத்தொன்று வரவே இல்லை, தரையில் கிடந்தன. அன்றைக்குப் பொழுது சாய்ந்தபோதுதான் ஊர் தலையைத் தூக்கி முதன்முதலாகத் தன் இரவைப் பார்த்தது. அதில் நாற்பத்தொரு ஓட்டை இருந்தது. ஒவ்வொன்றும் விரித்த இறக்கை வடிவத்தில், ஒரு முழ அகலம், அதன் வழியே அந்த நிழலில்லாத பகல் அப்படியே கீழே ஒழுகியது. ஒன்று மாரியம்மன் கோயில் கோபுரத்து மேலே. ஒன்று கூடலிங்கம் வீட்டுக் கிணற்றுக்கு மேலே. ஒன்று, சொல்லிவைத்த மாதிரி, மாயழகு வீட்டு ஓட்டுக்கு நேர் மேலே.

மாயழகு மிச்சக் கம்பியையும் அறுத்தான். படத்தில் உள்ளபடி பத்தடி தள்ளி வேலி போட்டான், மேலே திறந்தபடி. அதற்குப் பிறகு எதை அளந்தாலும், ஜன்னலானாலும் கோழிக்கூண்டானாலும், "இது முழிச்சிருக்கப்ப எம்புட்டு?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வான். பஞ்சவர்ணம் அதையும் அவன் குரலில் திருப்பிச் சொல்வாள். ஊரில் சங்கு ஊதி ஆட்களை வளைவுகளில் எச்சரிக்கிற வேலை அவளுக்கு வந்தது; யானை ரோட்டுக்கு வந்தால் ஒலிபெருக்கியில் வீரணன் குரல் கேட்கும், "சைடு குடுங்கப்பா!" என்று. வண்டிகள் நின்றுவிடும்.

ஓட்டைகளோடு ஊர் பழகியது. எதோடுதான் பழகவில்லை? ஒரு ஓட்டைக்குக் கீழே சடையாண்டி ராத்திரியில் சவரம் செய்துகொண்டார். ஒன்றின் கீழே பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள். மாயழகு வீட்டுக் கூடத்தில் விழுந்த வெளிச்சத்தில் ஈரத் துணி காய்ந்தது, அதே வெளிச்சத்தில்தான் அவன் தினமும் கண்ணை மூடிக்கொண்டு படுத்தான், மூடினாலும் அது இமைக்குள் இருந்தது. வருஷத்துக்கு ஒரு குட்டிதான், அதிலும் பாதி தங்காது. பங்குனியில் புடவிலிருந்து புதிதாகப் பறக்கப் பழகிய ஒன்று வெளியே வரும் அன்றைக்கு, எங்கோ ஒரு ஓட்டை மூடும். முதல் வருஷம் மூன்று மூடியது. அடுத்த வருஷம் கீழேயிருந்து வந்தவன் வலை போட்டதில் ரெண்டு புதிதாகத் திறந்தது. அன்றைக்கு அவனை வேலியில் வைத்துப் பிடித்தது கூடலிங்கம்தான். எட்டு, ஐந்து, ஒன்பது என்று மெல்ல மெல்ல, ஊர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க, மூடி வந்தது.

குழந்தைக்கு வீரலட்சுமி என்று பேர் வைத்திருந்தார்கள். ஆறு வயசில் அவளுக்கு அம்மாவின் தொண்டையும் அப்பாவின் பிடிவாதமும் வந்துவிட்டன. பிறந்ததிலிருந்து அந்த ஒரு முழ வெளிச்சத்துக்குக் கீழேயே தூங்கியவள். எல்லா வீட்டிலும் ராத்திரி என்றால் இப்படித்தான் இருக்கும், கூடத்துக்கு நடுவில் ஒரு இறக்கை அளவு பகல் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பங்குனியில் ஒருநாள் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கூடம் கறுப்பாக இருந்தது. கையை நீட்டி, பக்கத்தில் படுத்திருந்தவனின் முகத்தைத் தடவிக் கண்டுபிடித்தாள்.

"அப்பா, கரண்ட் போயிருச்சா?"

மாயழகு முழித்துத்தான் இருந்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் இமைக்குள் ஒன்றுமே இல்லை. மேலே எங்கோ, ஓட்டுக்கு மேலே, பழகாத இறக்கை ஒன்று தடுமாறித் தடுமாறி அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"இல்லத்தா" என்றான். "ஒருத்தி வந்திருக்கா. படு."